கேக் வகுப்பு நடத்தும் சகோதரிகளுக்கு: முதல் பாடத்தை நம் பழத்தில் தொடங்குங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வீட்டில் கேக் வகுப்பு நடத்தும் அக்கா தங்கைகளே,

அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும், ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும், பரமத்தி வேலூரிலும்கூட உங்கள் வீட்டு வாசலில் இப்போது பலகை தொங்குகிறது. ஒருநாள் வகுப்பு, மூன்று நாள் வகுப்பு, சான்றிதழோடு ஒரு வாரம் என்று விதவிதமாக. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள், கைக்குழந்தைக்காரி, தறியை விட்டு ஒரு மணி நேரம் நகர முடியாதவள், இப்படி வெளிவேலைக்குப் போக வழியில்லாத பெண்கள் சொந்தமாக நாலு காசு பார்க்க நீங்கள் வழிகாட்டியிருக்கிறீர்கள். ஒரு சமையற்கட்டில் பத்துப் பேரை உட்காரவைத்து அதைச் செய்திருக்கிறீர்கள். அந்த மதிப்பு மனசில் இருப்பதால்தான் உங்களையே நேராகக் கேட்கிறேன். மாங்கனி நகரம் என்று பேர் வாங்கிய ஊரில், மாம்பழக் காலத்தில், நீங்கள் ஏன் டின் பழத்தை வைத்துப் பாடம் நடத்துகிறீர்கள்?

நான் வாழப்பாடிப் பக்கம் மாந்தோப்புக் குடும்பத்தில் பிறந்து சேலத்தில் வாழ்க்கைப்பட்டவள். போன வருஷம் மே மாதம் நாத்தனார் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வகுப்புக்குப் போனேன். எந்த வகுப்பு என்று சொல்லப்போவதில்லை. நடத்தியவர் பொறுமைசாலி, கையில் தொழில் சுத்தம். ஆனால் மேசைமேல் இருந்தவை ப்ளூபெர்ரி ஃபில்லிங் டின், ஸ்ட்ராபெர்ரி க்ரஷ், ப்ரீமிக்ஸ் பாக்கெட், மாம்பழ எசன்ஸ். மாம்பழ எசன்ஸ்! வெளியே தெருவில் தள்ளுவண்டிக்காரர் செந்தூராவும் குண்டும் கூவி விற்றுக்கொண்டு போகிறார். வகுப்பில் கொலுசுப் பட்டறையில் வேலைசெய்கிற ஒரு பெண், "ஓவன் இல்லாம எதுவும் பண்ண முடியாதுங்களாக்கா?" என்று கேட்டாள். "முதல்ல ஒரு ஓ.டி.ஜி. வாங்கிருங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. மறுநாள் அவள் வரவில்லை.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வேறு பதில் இருக்கிறது. 'காப்ளர்' என்று அமெரிக்காவில் ஒரு பண்டம் செய்கிறார்கள். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், பாடத்திட்டத்தில் வைத்திருக்கமாட்டீர்கள். வைக்காததற்குக் காரணமும் எனக்குப் புரிகிறது. அதில் அலங்காரம் கிடையாது, கிரீம் கிடையாது, சுழல்மேசையில் வைத்துச் சீவி வழிக்க ஒன்றும் கிடையாது. பழத்தை வெட்டி, இனிப்புச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மேலே மாவை விட்டு வேகவைத்தால் முடிந்தது. கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டுச் சூடாகச் சாப்பிடுவது. உருவத்துக்கு மதிப்பெண் இல்லாத பண்டம் என்பதால்தான் முதல் நாள் வருகிற பெண்ணுக்கு அது சரியான பாடம் என்கிறேன்.

இது வசதிக்காரர்கள் வீட்டில் பிறந்ததும் இல்லை. கடல் கடந்து போய்க் குடியேறியவர்கள், ஊரில் இருந்த அடுப்பும் பாத்திரமும் இல்லாத இடத்தில், கையில் இருந்த மாவையும் அங்கே கிடைத்த பழத்தையும் ஒரே சட்டியில் போட்டு ஒப்பேற்றியது. 1839-இல் லெட்டிஸ் பிரையன் என்ற அம்மாள் எழுதிய 'கென்டக்கி ஹவுஸ்வைஃப்' என்ற சமையல் நூலில் பீச் பழத்தில் செய்யும் முறை இருக்கிறது. விருந்தாளிகளுக்கு வைக்கிற நாகரிகப் பண்டமில்லை, வீட்டாருக்கு மிக உகந்தது என்ற கருத்தை அவரே அதில் எழுதிவைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் வெண்ணெய்க்கு ரேஷன் வந்ததும், குறைந்த கொழுப்பில் ஆகிற காரியம் என்று இந்தப் பண்டம் அங்கே பரவியது.

அதே போரில்தான் நம் சேலத்திலும் ஒன்று நடந்தது. அதுவரை மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், மலேயாவிலிருந்து வந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து 1943 வாக்கில் உள்ளூர் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கத் தொடங்கினார். கையால் ஆட்டி, தொட்டிலில் போட்டு உருட்டி, சட்டியில் வறுத்த தொழில். இன்றைக்கு ஆத்தூரிலிருந்து ராசிபுரம்வரை சேகோ ஆலைகள். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெளிச்சரக்கு வராமல் போனபோது கிழங்கைத் தோண்டி வழிகண்ட ஊர் இது. இன்றைக்கு வெளிச்சரக்கு தாராளமாக வருகிறது என்பதற்காக நாம் கையிலிருப்பதை மறந்துவிடலாமா?

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். அமெரிக்க வீடுகளில் பழ 'பை'க்கும் காப்ளருக்கும் சாறு கெட்டிப்படுவதற்குச் சேர்க்கிறார்களே, அதில் ஒன்று மரவள்ளி மாவுதான். சோள மாவைப் போலக் கலங்கலாக நிற்காமல், பழச்சாற்றைக் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கெட்டிப்படுத்தும். அவர்கள் பாக்கெட்டில் வாங்குகிற அந்த மாவு நம் வீட்டுக்குச் சில மைல் தூரத்தில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. உங்கள் வகுப்புப் பொருள் பட்டியலிலோ கார்ன்ஃபிளவர்.

மற்றவற்றையும் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். நெய்யென்றால் ராசிபுரம் என்று சந்தைக்கே தெரியும். வெல்லத்துக்குப் பிலிக்கல்பாளையமும் ஓமலூர்ப் பக்கத்து ஆலைகளும், சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை மண்டியும். ஏலக்காய் இல்லாத வீடு இல்லை, சுக்கு இல்லாத வீடு இல்லை. பழம் என்று எடுத்தால் ஏப்ரலில் செந்தூரா வரும், பின்னாலேயே பெங்களூரா, குண்டு, மல்கோவா, நடுசாலை, இமாம்பசந்த். மாம்பழம் முடிந்தால் கொல்லிமலை அன்னாசியும் பலாவும். வருஷம் முழுக்க மோகனூர், பரமத்தி வேலூர் காவிரிக்கரை வாழை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் கடன் வாங்கி ஓவன் வாங்கு என்று அனுப்புவது நியாயமா?

தோப்புக்காரி என்ற முறையில் எனக்கு இன்னொரு வலியும் இருக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் கோடைமழையோடு ஒரு காற்று அடிக்கும். ஒரே ராத்திரியில் மரத்தடி முழுக்கக் காயும் பழமுமாகக் கொட்டிக் கிடக்கும். அடிபட்ட பழத்தை மண்டியில் எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் கேட்கிற விலை பறிகூலிக்குக் காணாது. பூவிலேயே குத்தகை பேசி முன்பணம் கட்டியவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவான். 2025 ஜூனில் பெங்களூரா விலை அடியோடு சரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆந்திராவில் மாம்பழக்கூழ் ஆலைகள் தரும் 8 ரூபாயோடு அரசே கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் சேர்த்து 12 ரூபாயாக்க வேண்டி வந்தது. நம் மாநிலத்திலும் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், மாநில அரசு மத்திய அரசுக்கு உதவி கேட்டு எழுதியது. கூழ் ஆலைகள் கொள்முதலைக் குறைத்துக்கொண்டால் அவ்வளவு பழமும் எங்கே போகும்? நாலு வீடு வாங்கிச் சமைத்தால் அந்த நஷ்டம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாம்பழத்தை அறுத்துத் தின்பதைத் தவிர வீட்டில் வேறு எதுவும் செய்யத் தெரியாத பழக்கம் விவசாயியின் கையைக் கட்டிப்போடுகிறது. வடநாட்டார் ஆம்ரஸ் செய்கிறார்கள், ஆந்திரக்காரர்கள் மாம்பழக் கூழை மாமிடி தாண்ட்ராவாகக் காயவைக்கிறார்கள். பழுத்த மாம்பழத்தை அடுப்பில் ஏற்றும் வழக்கம் நம் பக்கத்தில் குறைவு. அந்த வழக்கத்தை ஏற்படுத்தக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

செய்முறையைச் சொல்கிறேன். நான் அடுப்பில் செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிற முறை இது. உங்களுக்குச் சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை. நீங்கள் இதை இன்னும் மெருகேற்றலாம்.

முதலில் பழம். மல்கோவாவையும் இமாம்பசந்தையும் அடுப்பில் ஏற்றாதீர்கள். நார் இல்லாத, அத்தனை மணமுள்ள பழத்தை வேகவைப்பது பாவம், அப்படியே சாப்பிடுங்கள். காப்ளருக்குப் பெங்களூராதான் பழம். கிளிமூக்கு என்று நாம் ஒதுக்கும் அதே பழம். சதை கெட்டி, கொதித்தாலும் துண்டு துண்டாக நிற்கும், கொஞ்சம் புளிப்பும் இருக்கும். கூடவே ஒரு செந்தூராவோ குண்டோ சேர்த்தால் மணம் வந்துவிடும். அடிபட்ட பழமென்றால் கன்றிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம். பூஞ்சை பிடித்ததையும், சாராய நெடி அடிப்பதையும் முழுசாகவே தூக்கிப் போடுங்கள், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

தோல் சீவி நறுக்கிய மாம்பழம் நாலு டம்ளர். வெல்லத்தூள் அரை டம்ளர். பழம் புளித்தால் முக்கால்வரை போகலாம். வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், கல்லும் மண்ணும் போகட்டும். அடிகனமான அகலச் சட்டியில் அந்தக் கரைசலையும் பழத்தையும் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு, சுக்குத்தூள் கால் டீஸ்பூன், ஏலக்காய் இரண்டு சேருங்கள். இனிப்புத் தூக்கலான பழமென்றால் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கொதி வந்ததும் ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். சூடான சாற்றில் மாவை நேராகத் தூவினால் கட்டி கட்டும். மாவு ஊற்றிய பிறகு நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் புளிப்போடு சேர்ந்து நீர்த்துப்போகும். கரண்டியின் முதுகில் ஒட்டுகிற பதம் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள்.

மேல்மாவுக்கு ஒரு டம்ளர் மைதா, அல்லது சலித்த கோதுமை மாவு, அல்லது பாதிப் பாதி. பேக்கிங் பவுடர் வீட்டில் இல்லாவிட்டால் போகட்டும். ஆப்ப சோடா கால் டீஸ்பூன் போட்டுப் புளித்த மோர் ஊற்றுங்கள். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து நுரைக்கும் காற்றுதான் மாவைத் தூக்கிவிடும். ஆப்பத்துக்கும் பணியாரத்துக்கும் நம் பாட்டிமார் கைகண்ட வேலை. மாவில் சோடா, உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை கலந்து, உறைந்த நெய் மூன்று மேசைக்கரண்டி போட்டு விரல் நுனியால் உதிரி உதிரியாகப் பிசறுங்கள். பிறகு அரை டம்ளர் மோரை ஊற்றி ஒருமுறை புரட்டி விட்டுவிடுங்கள். கோதுமை மாவென்றால் மோர் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி பிசைந்தால் கெட்டது காரியம், மாவு இறுகி ரப்பராகிவிடும். உங்கள் மாணவிகள் தவறுவது இங்கேதான் இருக்கும், ஏனென்றால் பிசைந்து பழகிய கைகள். கட்டி இருந்தால் இருக்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பழம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அந்த மாவைக் கரண்டியால் அங்கங்கே வையுங்கள், நடுவே இடம் விட்டு. தட்டால் மூடும் முன் அதன் உள்பக்கம் ஒரு மெல்லிய துணியைக் கட்டுங்கள், ஆவித்தண்ணீர் மாவில் சொட்டக் கூடாது. துணி நுனிகளைத் தட்டுக்கு மேலே முடிந்துவிட வேண்டும், தீப்பக்கம் தொங்கக் கூடாது. சிறுதீயில் கால்மணி நேரம் திறக்காமல் விடுங்கள். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டாமல் வரவேண்டும். அவ்வளவுதான். கேஸ் அடுப்பு ஒன்று, சட்டி ஒன்று. அமெரிக்காவிலேயே வடகிழக்குப் பக்கத்தில் இப்படி அடுப்புமேலேயே மூடி வேகவைக்கும் வழக்கம் இருக்கிறது, அதனால் இதை ஓவன் இல்லாதவளின் குறைப்பதிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

மேலே பொன்னிறமாக வரவேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. கிராமத்தில் விறகடுப்பு இருந்தால் கனமான இரும்புச் சட்டியில் துணி இல்லாமல் மூடி, தட்டின்மேல் தணலை அள்ளி வையுங்கள். கீழே மெல்லிய தீ, மேலே தணல். மேல்பக்கம் சிவந்து மொறுமொறுப்பாகும். அமெரிக்காவில் மாடு மேய்த்து ஊர் ஊராகப் போனவர்கள் மூடிபோட்ட இரும்புப் பானையில் இப்படித்தான் சுட்டிருக்கிறார்கள். வாழப்பாடியிலும் கொல்லிமலை அடிவாரத்திலும் இன்னும் விறகடுப்பு வைத்திருக்கிற பெண்கள் உங்கள் வகுப்பில் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஒரு பாடத்தில் அவர்கள் மற்றவர்களைவிட ஒருபடி மேலே நிற்பார்கள்.

ஓவன் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான முறை ஒன்று. ஒரு டம்ளர் மாவு, ஒரு டம்ளர் சர்க்கரை அல்லது நாட்டுச்சர்க்கரை, ஒரு டம்ளர் பால், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு சிட்டிகை. கரைத்துக்கொள்ளுங்கள். அகலத் தட்டில் உருக்கிய நெய்யை ஊற்றி, அதன்மேல் கரைசலை ஊற்றி, அதன்மேல் பழத்தைப் பரப்புங்கள். கிளறவே கூடாது. 180 டிகிரியில் முக்கால்மணி நேரத்தில் மாவு பழத்தைத் தாண்டி மேலே எழுந்து சிவக்கும். அமெரிக்கக் குறிப்புகளில் வெண்ணெய் சுமார் 110 கிராம் சொல்லியிருப்பார்கள். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்குக்குத் தண்ணீர் இருக்கிறது, நெய்யில் இல்லை. அதனால் நெய் 80, 90 கிராம் போதும், அதற்கு மேல் போனால் தட்டில் மிதக்கும்.

அன்னாசியில் செய்தால் ஒரு எச்சரிக்கை. பச்சை அன்னாசியில் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. பாலோடு சேர்ந்தால் கசக்கும். வெல்லத்தோடு நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே மாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பப்பாளிக்கும் இதேதான். வாழையில் நேந்திரன் நிற்கும், பூவன் குழையும். பலாச்சுளை அருமையாக வரும், வெல்லத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

முட்டை சேர்க்கவே தேவையில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு முட்டை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது; ஒன்றை மேல்மாவில் அடித்து ஊற்றி மோரை அந்த அளவு குறைத்தால் இன்னும் மிருதுவாகும். ஆனால் வெள்ளி, சனி, புரட்டாசி, சபரிமலை மாலை என்று முட்டை தொடாத நாள் நம் வீடுகளில் எத்தனை! 'எக்லெஸ்' கேக்குக்குத் தனி வகுப்பு வைத்துத் தனிக் கட்டணம் வாங்குகிறீர்கள். இது பிறப்பிலேயே முட்டையில்லாதது.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குக் கேட்கிறது. ஆர்டர் கொடுப்பவர்கள் ரெட் வெல்வெட்டும் ப்ளூபெர்ரியும்தான் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய என்பீர்கள். கேட்பதைக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, பிறந்தநாளுக்குக் கிரீம் கேக் இருக்கட்டும். ஆனால் ஜனங்கள் பிறக்கும்போதே ப்ளூபெர்ரி கேட்டுக்கொண்டு பிறக்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன் நம் ஊரில் யாருக்கும் அந்தப் பழத்தின் பேரே தெரியாது. நீங்களும் கடைக்காரர்களும் படத்தைக் காட்டிக் காட்டித்தான் பழக்கினீர்கள். அதைப் பழக்க முடிந்தவர்களுக்குப் பெங்களூராவைப் பழக்க முடியாதா?

எடுத்துப்போய்க் கொடுக்க முடியாது என்பது இரண்டாவது நியாயம். உயரமான கேக்கை ஸ்கூட்டரில் வைத்து சேலம் ஐந்துரோடு நெரிசலில் கொண்டுபோவதை யோசித்துப் பாருங்கள், மே மாத வெயிலில் கிரீம் வழிய. காப்ளரை மூடியுள்ள அலுமினியக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தால் சாயாது, வழியாது. காலையில் ஆர்டர் வாங்கிச் சாயங்காலம் கொடுத்துவிடலாம். வெயில் காலத்தில் அன்றைக்கே சாப்பிட வேண்டும், ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். சூடுபடுத்தி மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீமோ கெட்டித் தயிரோ வைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

லாபம் குறைவு என்பது மூன்றாவது. கிண்ணத்துக்கு நீங்கள் வாங்கும் விலை குறைவுதான். முதலும் அவ்வளவு குறைவு என்பதைப் பாருங்கள். ஒரு டின் ஃபில்லிங் வாங்கும் காசுக்கு சீசனில் எத்தனை கிலோ பெங்களூரா வரும் என்று உங்களுக்கே தெரியும். கை நடுங்க முதல் ஆர்டர் எடுக்கிற பெண்ணுக்கு, கெட்டுப்போனாலும் நஷ்டம் தாங்கக்கூடிய அளவில் இருக்கிற பண்டம் வேண்டும். கிரீம் கேக் ஒன்று சரிந்தால் அவளுடைய ஒரு வாரத்து வருமானம் போகிறது. காப்ளர் சரிவதற்கு அதில் உயரமே இல்லை.

பழம் பார்த்து வாங்கவும் நீங்கள் கற்றுத்தர வேண்டும். ஒவ்வொரு சீசனிலும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தைக் கிலோ கணக்கில் பிடித்து அழிக்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு விதிமுறைப்படி அது தடை. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். அளவுவரை பயன்படுத்த மட்டுமே அனுமதி. கல்லில் பழுத்ததை வாங்கினால் தோல் ஒரே சீராக மஞ்சளடித்திருக்கும், உள்ளே கொட்டையோரம் வெளுத்துப் புளிக்கும், காம்புப் பக்கம் மணமே இருக்காது. சமைத்தால் இன்னும் தெரிந்துவிடும், வெல்லத்தின் மணம் மட்டும்தான் வரும். மூக்கால் பழம் வாங்கத் தெரிந்தவள் எசன்ஸ் புட்டியைத் தேடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத, பாக்கெட்டில் எழுதியிராத பாடம் இது. சொல்லித்தர உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

இப்போது நான் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். ஏப்ரல் முதல் ஜூலை வரை நீங்கள் தொடங்கும் ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் முதல் பாடமாக இந்தக் காப்ளரை வையுங்கள், கேஸ் அடுப்பில், ஓவனைத் திறக்காமல். அன்றைக்கு உள்ளூர்ப் பழம் மட்டும். வாங்க வேண்டிய பொருள் பட்டியலில் ஓ.டி.ஜி.யை முதல் வரியிலிருந்து எடுத்துவிடுங்கள். நாலு ஆர்டர் எடுத்து, கையில் காசு சேர்ந்த பிறகு அவளே வாங்கிக்கொள்ளட்டும், மகளிர் குழுவில் கடன் வாங்கி வேண்டாம். கேக்குக்கு நடுவில் வைக்கிற பழக்கூழையும் டின்னில் எடுக்காமல், மேலே சொன்ன அதே வெல்லம், பழம், மரவள்ளி மாவில் இன்னும் கொஞ்சம் சுண்டக் காய்ச்சிக் காட்டுங்கள். அப்படியே கேக்குக்குள் போகும்.

முடிந்தால் இன்னொன்று. சீசனில் ஒரே ஒரு நாள், உங்கள் பகுதி மகளிர் குழுவுக்குக் கட்டணமில்லாமல் இதைச் சொல்லிக்கொடுங்கள். கொலுசுப் பட்டறைப் பெண்களையும், தறிக்குடும்பத்துப் பெண்களையும், கோழிப்பண்ணையிலும் சேகோ ஆலையிலும் கூலிக்குப் போகிறவர்களையும் கூப்பிடுங்கள். அரைநாள் போதும், பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

பழத்துக்கு நீங்கள் அலைய வேண்டாம். காற்றடித்து உதிர்ந்த பழமும், மண்டி எடுக்காத பழமும் எங்கள் தோப்பிலும் அக்கம்பக்கத்துத் தோப்புகளிலும் சீசன் முழுக்க இருக்கும். வகுப்பு நாளை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் முதல்நாள் சாயங்காலம் வாழப்பாடியிலிருந்து பேருந்தில் கூடை ஏற்றிவிடுகிறோம். கட்டணமில்லாத வகுப்பென்றால் பழத்துக்குக் காசு வேண்டாம். மற்ற வகுப்புக்கு மண்டி விலை கொடுங்கள், அதுவே தோப்புக்காரனுக்குப் பெரிது. கூடையை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள். செந்தூரா ஏப்ரலில் இறங்கிவிடும், அதற்குள் உங்கள் தேதியைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வாழப்பாடித் தோப்புக்காரி ஒருத்தி